192-ஆம் பக்கத்துக்குப் பிறகு நார்த்தங்காய்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியை மாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று அப்பாவுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குடற்புழு நீக்கம் பற்றி ஓர் அறிவுரை. இன்றைக்கு: ‘கன்று பிறந்த பத்தாம் நாள் முதல் மருந்து.’ எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. காலம் கடந்துவிட்டது.

பிளஸ் டூ முதல் வாரம். “பேச்சைக் குறை” என்றார் தாவரவியல் மிஸ். “குறைச்சா எம் பேர்ல ‘பே’ மட்டும்தான் மிஸ் மிஞ்சும்” என்றேன். என் பெயர் பேச்சி. மீதிப் பாடத்தை வராந்தாவில் நின்று கேட்டேன். வாயைத் திறந்தால் வராந்தா என்பதால் இனி எழுதுவதாக முடிவு.

வீட்டுச் செய்தி: அப்பாவின் முதல் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. அப்பா நயினார், பாளையங்கோட்டையில் கால்நடை மருந்தகத்தில் மருந்தாளுநர். புனைபெயர் தென்றல்நேசன். மின்விசிறி நின்றால் முதலில் கத்துகிறவர் அவர்தான். நாவலின் பெயர் ‘இளஞ்சூட்டில் ஒரு தெரு’. ஆறிப்போனதற்கு இப்படியும் ஒரு நாகரிகப் பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

முழுவதையும் தட்டச்சு செய்தது நான். இருபத்திரண்டு வீடு உள்ள தெரு. இருபத்திரண்டிலும் நல்லவர்கள். நாய்கூடக் குரைப்பதற்கு முன் யோசிக்கும். காளைக்கு அசராமல் ஊசி போடுகிற மனிதர், கதையில் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை. நாவல்பழம் சர்க்கரையைக் குறைக்குமாம். இந்த நாவலைச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் தவிர்ப்பது நல்லது.

அம்மா இரண்டு அத்தியாயம் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு. இந்தத் தெருவுல குப்பைய யாரு அள்ளுதா?” என்றாள். அப்பா மூன்று நாள் யோசித்து, ‘அது குப்பையே சேராத தெரு’ என்று ஒரு பத்தி சேர்த்தார்.

கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி தேன்மொழிக்கு நாற்பது வயதில் மறுமணம். பதிவு அலுவலகத்தில் மூன்று சாட்சி வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் தம்பி அன்பரசு. அவனைக் காணோம். பதிவாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வழியில் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, ரத்தம் பட்ட சட்டையோடு தம்பி ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறான். பதிவாளர் அழுகிறார். ஜன்னல் வழியே பசுவும் அழுகிறது.

நாவல் முழுவதையும் கிண்டல் அடித்துக்கொண்டே தட்டச்சு செய்தேன். அந்த இடத்தில் மட்டும் அடிக்கவில்லை. விரல் வலி.

ஜூன் 8, ஞாயிறு

தண்ணீர் பிடித்தேன். ஸ்கூட்டர் துடைத்தேன். அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டைதான் ஸ்கூட்டர் துணி. சட்டைப்பையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. பேனா கசிந்தது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

பதிப்பாளர் கருத்தப்பாண்டி பின்னட்டை வாசகத்தோடு வந்தார். அவருடையது கொத்தமல்லிப் பதிப்பகம். பெயருக்கேற்ப மேலே தூவுவதோடு சரி.

“படிச்சு முடிச்சா மனசு இட்லி மாதிரி ஆயிரணும் சார். ‘அழுகையைத் துடைக்கும் நாவல், வாசித்து முடிக்கையில் உங்கள் மனம் இட்லியாகும்.’ எப்படி?”

“எங்க கேண்டீன் இட்லியா, வீட்டு இட்லியான்னு போட்டுருங்க. ஒண்ணுல மண்டை உடையும்” என்றேன்.

“ஏட்டி, உள்ள போ” என்றார் அப்பா.

உள்ளே போய் யோசித்தேன். அழுகையைத் துடைக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது அழ வேண்டும். அப்பா பசுவையும் பதிவாளரையும் தவிர யாரையும் அழவிடவில்லை.

ஜூன் 12, வியாழன்

புத்தகக் கட்டு வந்தது. அப்பா மருந்தகத்தில் இருந்தார். நான்தான் பிரித்தேன்.

தட்டச்சு செய்தவளுக்கு மட்டும் ஒரு கெட்ட பழக்கம்: கடைசிப் பக்கத்தில் தன் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. 192-ஆம் பக்கத்தின் கடைசி வரி சரியாக இருந்தது: ‘வாசலில் நிழல் விழுந்தது. தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். அங்கே’.

பக்கத்தைத் திருப்பினால் பக்க எண் 33. ‘நார்த்தங்காய் பத்து. நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்துக்கொள்ளவும்.’

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சடித்து, மடித்து, அடுக்கித் தைப்பார்கள். அந்தப் பதினாறு பக்கத்துக்கு ஃபாரம் என்று பெயர். கருத்தப்பாண்டியின் அச்சகத்தில் அதே வாரம் ‘முப்பது வகை ஊறுகாய்’ என்ற புத்தகமும் ஓடியிருக்கிறது. எங்கள் கடைசி ஃபாரத்தின் இடத்தில் அவர்களுடையது உட்கார்ந்துவிட்டது. பத்துப் பிரதி பார்த்தேன். பத்திலும் நார்த்தங்காய். அதன் பிறகு மாகாளிக்கிழங்கு, களாக்காய், ‘காற்றுப் புகாமல் மூடவும்’, முற்றும்.

இவர் பதிப்பாளர் இல்லை. பாதிப்பாளர்.

அப்பா வந்தார். அட்டையைத் தடவினார். பின்னட்டையில் தன் படத்தைப் பார்த்தார். முகர்ந்தார். முடிவு அவருக்கு மனப்பாடம், எதற்குத் திருப்ப வேண்டும்? திருப்பவில்லை.

நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. ஆய்வுரை வழங்குபவர் பேராசிரியர் முனைவர் குற்றாலலிங்கம். புத்தகத்தைப் படிக்காமல் முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர் என்று மாவட்டத்தில் பெயர் எடுத்தவர். மேடையில் ஊறுகாயைப் பார்த்து அவர் முழிக்கப்போகும் முழிக்காக மூன்று நாள் வாயை மூட முடியாதா? தாவரவியல் மிஸ் கேட்டால் நம்பமாட்டார்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு சிக்கல்.

அழைப்பிதழ் வந்தது. ‘முதல் பிரதி பெறுபவர்: திருமதி வடிவு ஸ்டான்லி, தென்காசி.’

வடிவு அத்தை அப்பாவின் அக்கா. தென்காசியில் தையற்கடை வைத்திருக்கிறாள். ஆறு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை, போனில் பேசுவதும் இல்லை. முதல் மாமா இறந்து ஒன்பது வருடம் தனியாக இருந்துவிட்டு, ஓவிய வாத்தியார் ஸ்டான்லி மாமாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தெருவே வாயில் கை வைத்தது. வைத்த கையை எடுத்ததும் பேசத் தொடங்கியது. மூன்றாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட நான் வருகிறேன் என்று அப்பா அத்தையிடம் சொல்லியிருந்தார். வரவில்லை. மானூரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது, விட்டுவிட்டு வர முடியவில்லை என்று மறுநாள் போனில் சொன்னார். அத்தை அலுவலகம் மூடுகிற நேரம்வரை காத்திருந்தாளாம். கடைசியில் எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து கையெழுத்துப் போட்டாராம்.

ஆக, இருபத்திரண்டு வீடும் சும்மா. நாவல் ஒரே ஓர் ஆளுக்கு எழுதியது.

“அவங்களக் கேக்காமலா பேரப் போட்டிய?” என்றாள் அம்மா.

“புக்கப் படிச்சா வருவா. கடைசி அத்தியாயம் படிச்சா கண்டிப்பா வருவா.”

அழைப்பிதழைச் செருகி ஒரு பிரதியை அவரே தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தார். விரைவுத் தபால். வரும் வழியெல்லாம் சீட்டி அடித்திருப்பார் போல, உதடு காய்ந்திருந்தது.

அந்தப் பிரதியிலும் நார்த்தங்காய்தான். இப்போதாவது சொல்லலாம். பேராசிரியரின் முழியை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

விழா நூலக மாடியில். வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை, சிறப்புரை, ஏற்புரை. இத்தனை உரைக்கு நாற்காலிக்கு ஒரு தலையணையுறை கொடுத்திருக்கலாம். பொன்னாடை பதினொன்று. பொன்னும் இல்லை, ஆடையும் இல்லை. அடுத்த வாரம் எங்கள் ஜன்னல்களில் தொங்கும்.

முன்வரிசையில் முதல் நாற்காலியில் அப்பா தன் கைக்குட்டையை விரித்து வைத்தார். அத்தைக்கு. காலையிலிருந்து ஒரு பிரதியைக் கக்கத்தில் இடுக்கியபடியே திரிந்தார். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டவர்களுக்கும் தரவில்லை.

நான் என் வேலையைப் பார்த்தேன். பேராசிரியரின் பிரதியில் அடையாள நூலை 192-க்கும் 33-க்கும் நடுவில் வைத்தேன். நூல் இருக்கிற இடத்தில்தான் திறப்பார். வேறு இடம் அவருக்குத் தெரியாது.

திறந்தார். படித்தார். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அவர் முழிக்கவில்லை. கண்ணை மூடினார்.

“இங்கேதான் நாவலாசிரியரின் பெருந்துணிச்சலைக் காண்கிறேன். மணமகள் நிமிர்ந்து பார்க்கிறாள். அங்கே என்று நிறுத்துகிறார். அடுத்த சொல் என்ன தெரியுமா? நார்த்தங்காய் பத்து. யார் இந்த நார்த்தங்காய்கள்? நாம்தான். உறவென்னும் உப்பில் ஊறி, காலமென்னும் வெயிலில் வாடி, ஈரம் போகத் துடைக்கப்பட்டு நிற்கும் நாம்.”

கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை இனிப்புக்கும் அழாத சபை ஊறுகாய்க்கு அழுதது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் மேடையையே பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘திருமதி வடிவு ஸ்டான்லி வர இயலாத காரணத்தால்’ மருந்தகத்து டாக்டரம்மா முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். அப்பாவின் ஏற்புரை மூன்று வரி. நன்றி, நன்றி, சிற்றுண்டி இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் அவரே போய் அந்தக் கைக்குட்டையை நான்காக மடித்து எடுத்துக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

அப்பா காலையில் சாப்பிடவில்லை. எனக்குத் தாவரவியல் தேர்வு, பதினேழு மதிப்பெண். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஊரில் நார்த்தங்காய்க் காய்ச்சல். எதிர்வீட்டு மாமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “நயினாரு, அந்த நார்த்தங்கா இடம் இருக்குல்லா, நெஞ்சப் பிடிச்சிட்டு வே” என்றார்.

“அப்படியா” என்றார் அப்பா.

“எழுதும்போது நீரும் அழுதிருப்பீரே.”

“கொஞ்சம்.”

உள்ளூர் மாத இதழில் மதிப்புரை வந்திருக்கிறது. ‘நல்ல மனம் படைத்தவர் எழுதிய நாவல். மனம் மட்டும் போதுமா என்ற கேள்வி 192 பக்கம் தொடர்கிறது. இனிப்பு தூக்கல். பெரிதாக ஏதோ சொல்ல வருகிறார் என்று நம்பித் தொடர்ந்தால், ஒவ்வொரு முறையும் பாயசத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இறுதியில் வரும் உப்பு ஓரளவு காப்பாற்றுகிறது.’ அப்பா அதைக் கத்தரித்து வைத்தார், ஒட்டவில்லை.

இதுவரை முப்பத்தெட்டுப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். கணக்கு என்னுடையது. தம்பி வந்தானா, கையெழுத்துப் போட்டானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தென்காசியிலிருந்து பார்சல். உள்ளே செய்தித்தாள் சுற்றிய கண்ணாடிப் பாட்டில். நார்த்தங்காய் ஊறுகாய். பாட்டிலைச் சுற்றி ஒரு கடிதம், தையல் அளவு எழுதும் தாளில்:

‘தம்பிக்கு. புத்தகம் கிடைத்தது. 192-ஆம் பக்கம்வரை என் கல்யாணத்துக்குத் தெருவே பூவோடு வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். போகட்டும். தம்பி வந்தானா என்று பார்க்கத்தான் பக்கத்தைத் திருப்பினேன். ஊறுகாய் இருந்தது. சொன்னபடியே செய்தேன், ஏழு வெயில் காட்டினேன். உப்பு, உறைப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் நிஜமாக இருந்தது அதுதான். வடிவு.’

அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்தாள். “சரியாத்தான் இருக்கு” என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார். இன்று அவருக்கு விடுமுறை.

ஜூன் 25, புதன்

மாலையில் அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். மூன்று வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். முதலாவது மட்டும் வந்தது.

“அப்பா, ஃபாரம் மாறினது எனக்கு முதல்லயே தெரியும். பேராசிரியர் முழிக்கணும்னு சொல்லாம இருந்தேன்.”

“எனக்கும் தெரியும்ட்டி.”

“எப்ப?”

“விழா அன்னைக்குக் காலைல. ஏற்புரைல கடைசிப் பத்திய வாசிக்கலாம்னு திருப்புனேன்.” துணியைப் பிழிந்தார். “மாட்டை எழுதினதுக்கு ஊறுகா பரவால்லன்னு பட்டுச்சு. நானும் சொல்லல.”

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே குறும்பைத் தனித்தனியாகச் செய்திருக்கிறோம். சிரித்திருக்கலாம். அப்பா அந்தச் சட்டையைத்தான் கையில் வைத்திருந்தார், நீலக் கறை மேலாக.

“எந்த மாடுப்பா?” என்றேன்.

அப்பா கறையை உள்பக்கமாக மடித்தார். நான் இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன். அன்று எனக்கு அம்மை போட்டிருந்தது. பத்து வயது. முன்னறையில் வேப்பிலையில் கிடந்தேன். அப்பா புதுச் சட்டை போட்டு, பையில் பேனா செருகி, “அத்தைக்குக் கையெழுத்துப் போடப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். என் பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். எழுந்தபோது சட்டைப்பை முழுக்க நீலம். அம்மா அதைப் பார்த்தாள். அவள் அப்பாவிடம் கேட்காத கேள்விகளில் அதுதான் முதல்.

“பதினாறு பக்கம் காலியா இருக்குப்பா. அத்தைக்கு இன்னும் முடிவு தெரியாது” என்றேன்.

அப்பா சட்டையை உதறிக் கொடியில் போட்டார். ஸ்கூட்டரின் பாதி துடைக்காமலே இருந்தது.

ஜூன் 28, சனி

அப்பா மூன்று நாளாக மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறார். கிழிக்கிறார். இன்று மதியம் முடித்தார். பதினாறு பக்கத்துக்கு இடம் இருந்தது. ஒன்றேகால்தான் வந்தது.

என்னிடம் கொடுத்தார். முதல் வரி: ‘அன்றைக்கு எந்தப் பசுவும் கன்று போடவில்லை.’

பிறகு தெருமுனை டீக்கடை. உட்கார்ந்திருந்த இரண்டு பேர். ‘அக்காளுக்கு ரெண்டாம் கல்யாணம், தம்பி சாட்சியா’ என்று ஒருவர் கேட்டது. மற்றவர் சிரித்தது. பதில் சொல்லாமல் இவரும் சேர்ந்து சிரித்தது. திரும்பி நடந்தது. அந்தத் தெருவில் ஒருவர்கூட நல்லவர் இல்லை, எழுதியவர் உட்பட. உவமை இல்லை. தென்றல் இல்லை. கீழே ‘நயினார்’ என்று மட்டும்.

“தட்டச்சு செய்யட்டுமா?”

“வேண்டாம்.”

கிண்டல் அடிக்க ஓர் இடம்கூட இல்லை. நாளைக்குத் தென்காசி. ஊறுகாயை வேறு ஜாடிக்கு மாற்றி, பாட்டிலைக் கழுவி அப்பா பையில் வைத்தார்.

“வெறும் பாட்டிலையா கொண்டு போறிய?” என்றாள் அம்மா. எங்கள் பக்கம் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது இருக்க வேண்டும்.

அப்பா அந்தத் தாள்களைச் சுருட்டிப் பாட்டிலுக்குள் போட்டார்.

“பேப்பரத் திங்கவா முடியும்?” என்று அம்மா நான்கு கருப்பட்டித் துண்டையும் போட்டு மூடினாள்.

ஜூன் 29, ஞாயிறு

பேருந்தில் அப்பா பாட்டிலை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். ஆலங்குளம் தாண்டியதும், “ஆளு இல்லைன்னா வச்சிட்டு வந்துருவோம்” என்றார். “ஆளு இருந்தா?” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆள் இருந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரி. எங்களைப் பார்த்துவிட்டு வெட்டிக்கொண்டிருந்த துணியை முழுவதும் வெட்டி முடித்தாள்.

“எக்கா, பாட்டில் குடுக்க வந்தோம்” என்றார் அப்பா.

அத்தை மூடியைத் திறந்தாள். கருப்பட்டியை ஒதுக்கிவிட்டுத் தாளை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். உள்ளே ஸ்டான்லி மாமா வானொலியை நிறுத்தினார்.

“இதச் சொல்லதுக்கு ஆறு வருசம், ஒரு புஸ்தகம், இருபத்திரெண்டு வீடு” என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார்.

“இது நெசம்னு நான் எப்படி நம்ப? போன தடவை மாடு சொன்னதும் நீதான.” தாளை வெட்டுமேசையில் விரித்து வைத்தாள். “எழுதினவன் போட்ட கையெழுத்து போதாது. சாட்சி வேணும்.”

தையல் மிஷின் மேல் ஓர் எறும்பு போனது.

“நான் பாத்தேன் அத்தை” என்றேன். “அம்மை போட்டுக் கெடந்தேன். அரைமணி நேரத்துல வந்து என் பக்கத்துல படுத்துட்டாங்க. பேனா பையிலயே கசிஞ்சிட்டு.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள், ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல. “அப்ப போடு.”

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். சாட்சி: ந. பேச்சி என்று எழுதினேன். என் பேரைச் சொல்லி நானே ஒரு ஜோக்கும் அடிக்காத முதல் தடவை.

“ஜெராக்ஸ் கடைக்காரர் இதவிட நல்லாப் போட்டாரு” என்றாள் அத்தை.

சமயம் பார்த்து ஃபாரம் விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன். காணாமல்போன பதினாறு பக்கத்தில் என்ன இருந்தது என்றும் சொன்னேன். பசு, ரத்தம் பட்ட சட்டை, அழும் பதிவாளர்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். “மறுபடியும் அந்த மாடா? அச்சுல வேறயா? நல்ல வேள ஊறுகா வந்துச்சு. அது மட்டும் வந்திருந்தா இந்தப் பாட்டில் வந்திருக்காது.”

ஸ்டான்லி மாமா டீ கொண்டுவந்தார். நான் பேராசிரியரின் உரையை நடித்துக் காட்டினேன். மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, ஆனால் ‘ஈரம் போகத் துடைக்கப்பட்டு’ என்ற இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து, ரசீதுப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

கிளம்பும்போது, “இரு” என்றாள். உள்ளே போய் வந்து பாட்டிலை என் கையில் கொடுத்தாள். கழுத்துவரை நார்த்தங்காய்.

ஜூலை 2, புதன்

கருத்தப்பாண்டி வந்தார். தவறு அவருக்கு இப்போதுதான் தெரிந்ததாம். கடைசி ஃபாரம் மாறிய புத்தகம் எங்களுடையது மட்டும் இல்லை. ‘முப்பது வகை ஊறுகாய்’ வாங்கியவர்களுக்கு இஞ்சி ஊறுகாய்க்குப் பிறகு ஒரு பசு கன்று போடுகிறது, தம்பி ஓடிவருகிறான், பதிவாளர் அழுகிறார். சங்கரன்கோவிலிலிருந்து ஓர் அம்மா அதைப் படித்துத் தேம்பியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்குப் பசுவை வளர்த்துப் பழக்கமாம்.

“அடுத்த பதிப்புல சரி பண்ணிருவோம் சார். ஆனா பேராசிரியர் நார்த்தங்காய எடுக்கக் கூடாதுங்கார்.”

“ரெண்டும் வேண்டாம். 192-ஓட நிறுத்திருங்க” என்றார் அப்பா.

“பாதியிலயா? படிக்கவங்க ஏமாந்துருவாங்களே சார்.”

“ஏமாறட்டும். மிச்சம் எழுதியாச்சு. அது ஒரே பிரதி.”

இப்போது எங்கள் பிரச்சினை வேறு. வெறும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நிறைந்த பாட்டிலையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்பா மூன்று வேளையும் நார்த்தங்காய் சாப்பிடுகிறார். இன்று காலை உப்புமாவுக்கு, மதியம் தயிருக்கு, சாயங்காலம் வெறுமனே இரண்டு துண்டு.

“வேற ஜாடில மாத்திருவோம்ல, போன தடவை மாதிரி” என்றேன்.

“சும்மா இருட்டி” என்றாள் அம்மா, தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு. “தின்னே தீக்கட்டும்.”